முதல் மாத்திரைக்கு முன் சொல்ல வேண்டியது

புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்று புறப்படுகிற ஒரு குடும்பம், தலைமுடி கொட்டும் என்பதையும், குமட்டலும் வாந்தியும் வாட்டும் என்பதையும், வாய் புண்ணாகிச் சோறு இறங்காமற் போகும் என்பதையும், செலவு கைமீறிப் போகும் என்பதையும், அக்கம்பக்கத்தார் வாயிலாகவோ ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கூடக் காத்திருக்கும் நோயாளிகள் வாயிலாகவோ முன்னதாகவே கேட்டறிந்து, ஒருவாறு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டுதான் புறப்படுகிறது. ஆனால் கீமோவுக்குத் துணையாகக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை, அதை உட்கொள்கிறவரின் சுபாவத்தையே சில தினங்களுக்கு மாற்றிவிடக் கூடும் என்பதை மட்டும் அவர்களிடம் பெரும்பாலும் எவரும் சொல்வதில்லை. இதை முன்கூட்டியே, நோயாளிக்கும் அவரோடு ஒரே கூரையின் கீழ் வசிப்பவர்களுக்கும் விளங்கும் தமிழில் எடுத்துச் சொல்வது, அம்மாத்திரையை எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் உரிய கடமை என்பது என் திடமான அபிப்பிராயம்.

சாத்தான்குளத்தையும் அதைச் சூழ்ந்த தேரிக்காட்டு ஊர்களையும் நினைத்துப் பார்க்கும்போது இந்தக் கடமை இன்னும் அவசியமாகத் தோன்றுகிறது. செம்மணலும் பனையும் முருங்கைத் தோட்டமும் நிறைந்த இப்பிரதேசத்திலிருந்து புற்றுநோய்க்கு வைத்தியம் தேடுகிறவர்கள், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனைக்கோ, தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, நெய்யூர் மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, சென்னையில் உறவினர் இருந்தால் அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ போகிறார்கள். விடியுமுன் பஸ் ஏறி, பகலெல்லாம் காத்திருந்து, கையில் மருந்து ஏறி முடிந்ததும், மாத்திரைப் பொட்டலத்தை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு இருட்டும் வேளைக்கு வீடு திரும்புகிறார்கள். மனத்தின்மீது அம்மாத்திரை நடத்தும் வேலை தொடங்குவதோ, பெரும்பாலும் வீட்டுக்கு வந்து இரண்டாம் இரவிலோ மூன்றாம் இரவிலோதான். அப்போது பக்கத்தில் இருப்பவள் மனைவி, அல்லது மருமகள், அல்லது மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை.

இம்மருந்தைத் தூற்றுவது என் நோக்கமன்று. சிறுநீரகங்களின்மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் நாள்தோறும் சுரக்கின்ற கார்ட்டிசால் என்னும் ஹார்மோனின் இனத்தைச் சேர்ந்தவையே டெக்ஸாமெத்தசோனும் பிரட்னிசோலோனும். நிணநீர்ச் சுரப்பிகளில் வரும் லிம்ஃபோமாவிலும், ரத்தப் புற்றின் சில வகைகளிலும், எலும்பு மஜ்ஜையில் தோன்றும் மையலோமாவிலும் இவை புற்றணுக்களையே நேராக அழிக்கின்றன. மற்றப் புற்றுகளில் கீமோவின் வாந்தியைத் தடுக்கவும், பாக்லிடாக்ஸெல், டோசிடாக்ஸெல் போன்ற மருந்துகள் ஏறும்போது உடல் ஒவ்வாமையால் சீறி எழாதபடி காக்கவும், மூளையில் கட்டி வந்தவர்களுக்கு அதைச் சுற்றிய வீக்கத்தை வடியச் செய்யவும் பயன்படுகின்றன. மூளை வீக்கத்தால் பேச்சுக் குழறிப் படுக்கையில் கிடந்தவர், இம்மருந்து உள்ளே போன ஓரிரு நாளில் எழுந்து உட்கார்ந்து பெயர் சொல்லி அழைப்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான ஓர் உடல் ஒரு நாளில் தானாகச் சுரப்பது, ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்கு நிகரான அளவுதான். அதுவும் விடியற்காலையில் ஏறி நள்ளிரவில் இறங்கும் ஓர் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. டோசிடாக்ஸெல் ஏற்றிக்கொள்ளும் மார்புப் புற்றுநோயாளி ஒருவர், வழக்கமான முறைப்படி, காலையில் 8 மில்லிகிராமும் மாலையில் 8 மில்லிகிராமுமாக மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன் சாப்பிடுகிறார். டெக்ஸாமெத்தசோனின் முக்கால் மில்லிகிராம், பிரட்னிசோலோனின் 5 மில்லிகிராமுக்குச் சமமாகையால், இது நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது. லிம்ஃபோமாவுக்குரிய பழைய கூட்டு மருந்து முறையில் 21 நாளுக்கு ஒரு முறை, ஐந்து நாள் தொடர்ந்து, நாளுக்கு 100 மில்லிகிராம் பிரட்னிசோலோன் உண்டு. மையலோமாவில் வாரத்துக்கு ஒரு நாள் 40 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது சாதாரணம். அது பிரட்னிசோலோன் கணக்கில் 260 மில்லிகிராமுக்கு மேல். இயற்கை சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதைப் போல இருபது மடங்கும் ஐம்பது மடங்கும், உறக்க வேளை விழிப்பு வேளை என்ற பேதமின்றி உடலுக்குள் இறங்கும்போது, நினைவுக்கும் உணர்ச்சிக்கும் ஆதாரமான மூளைப் பகுதிகள், இந்த ஹார்மோனை ஏற்கும் வாயில்கள் அங்கே மிகுந்திருப்பதனாலேயே, நிலை குலைகின்றன.

இது நேற்றுத் தெரிந்த சங்கதியன்று. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு இதே இனத்து ஸ்டீராய்டான கார்ட்டிசோனை முதன்முதலாகச் செலுத்தி, சில நாட்களுக்குள் அவளை நடக்க வைத்தார். 1950-இல் அவருக்கும் இதே ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டாலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கொண்டாட்டம் ஓயுமுன்னரே, 1952-இல், ரோம், பிரேஸ்லண்டு என்னும் இரு மனநல மருத்துவர்கள், இம்மருந்தைப் பெற்றவர்களின் மனநிலை எப்படியெல்லாம் மாறுகிறது என்பதைப் படிப்படியாக வகுத்து எழுதிவிட்டார்கள். 1956-இல், கார்ட்டிசோன் சாப்பிட்ட ஒரு பள்ளி ஆசிரியர் தம் வீட்டாருக்கே அச்சந்தரும் மனிதராக மாறும் கதையை நிக்கோலஸ் ரே திரைப்படமாகவே எடுத்தார். பிறகு 1972-இல் பாஸ்டன் நகரத்து மருந்துக் கண்காணிப்புக் குழு, மருத்துவமனைகளில் பிரட்னிசோன் பெற்ற நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டது: நாளுக்கு 40 மில்லிகிராமும் அதற்குக் குறைவாகவும் பெற்றவர்களில் நூற்றுக்கு 1.3 பேருக்கும், 80 மில்லிகிராம் வரை பெற்றவர்களில் 4.6 பேருக்கும், அதற்கு மேற்பட்டவர்களில் 18.4 பேருக்கும் கடுமையான மனக்கோளாறு கண்டது. அவர்கள் எல்லாரும் புற்றுநோயாளிகள் அல்லர். ஆகையால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக் கீமோ வார்டில் பொருத்துவது முறையாகாது. இருந்தாலும் அளவு ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது என்ற உண்மை அதில் வெளிச்சமாயிற்று. புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் அளவுகள் அந்த மேல்தட்டிலேயே இருக்கின்றன என்பதை மேலே கண்டோம். மேலும், இது கடுங்கோளாறுகளின் கணக்கு மட்டும். உறக்கமின்மை, பதற்றம், எரிச்சல், ஓயாப் பேச்சு, காரணமற்ற கண்ணீர் ஆகிய சிறு உபாதைகள் அதைவிட மிகப் பலருக்கு வருவன.

நான் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பலசரக்குக் கடை வைத்து நாற்பது ஆண்டுக் காலம் வாய் அதிராமல் வியாபாரம் செய்த பெரியவர் அவர்; லிம்ஃபோமா வந்து, ஐந்து நாள் மாத்திரையோடு கூடிய சிகிச்சை தொடங்கிற்று. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு, பரண்மேல் இருந்த பழைய பற்றுவரவு நோட்டுகளையெல்லாம் இறக்கித் தரையில் பரப்பினார். விடிவதற்குள், பாக்கி வைத்திருந்த நாலைந்து பேரைப் போனில் எழுப்பி, உங்கள் கடனைத் தள்ளிவிட்டேன் என்று சந்தோஷமாக அறிவித்தார். அடுத்த நாள் மத்தியானம், காபியில் கருப்பட்டி குறைந்ததென்று மருமகளை, அந்த வீட்டுச் சுவர் அதுவரை கேட்டிராத சொற்களால் திட்டினார். மாத்திரை தீர்ந்த பிறகு, ஏழாம் நாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேன் என்று விம்மி அழுதார். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சொத்தை அழித்துவிடுவாரோ என்ற பயத்தில் மகன் கடைச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். அதைத் தம் மரணத்துக்கு முன்னேற்பாடாகப் பெரியவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த சுற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் வீட்டார் இதை மருத்துவரிடம் சொல்லவில்லை. வீட்டு விவகாரத்தை வெளியில் சொல்வதா என்ற கூச்சம். சுற்று முடிந்து திரும்பியதும் மறுபடியும் மூன்றாம் இரவில் அதே விளக்கு எரிந்தது. மூன்றாவது முறை போனபோது, மருந்து ஏறிக்கொண்டிருக்கையில் அவருடைய மனைவி மனம் தாளாமல் நர்ஸிடம், “சிஸ்டர், அவிய ஒரு நாளும் இப்படிப் பேசுன ஆளில்ல, என்னமோ காத்து கருப்பு அண்டியிருக்கு போல” என்று மெல்லச் சொன்னாள். அந்த இளம்பெண், “அம்மா, அந்த அஞ்சு நாளு மாத்திர சாப்பிடும்போது மட்டுமா இப்படி, மத்த நாளுமா?” என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அதன் பின் நடந்தவை மிக எளியவை. இரவில் சாப்பிட்ட பங்கையும் சேர்த்து முழு அளவையும் காலை உணவோடு முடித்துக்கொள்ளுமாறு மருத்துவர் மாற்றினார். அந்த ஐந்து இரவுகளுக்கும் உறக்கத்துக்கென்று ஒரு சிறு மாத்திரை சேர்த்தார். மகனையும் மனைவியையும் உட்காரவைத்து, இது மருந்தின் வேலை, உங்கள் அப்பாவின் குணம் கெடவில்லை என்று ஐந்து நிமிஷம் விளக்கினார். அந்த ஐந்து நிமிஷத்தை முதல் சுற்றிலேயே கொடுத்திருந்தால் மருமகள் பிறந்த வீட்டு வாசற்படியை மிதித்திருக்க மாட்டாள்.

நம் பிரதேசத்தில் ஒரு மனிதரின் பேச்சும் பார்வையும் திடீரென்று மாறினால் அதற்குக் காரணம் சொல்ல வெவ்வேறு வழிகள் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றன. குலசேகரன்பட்டினத்துத் தசராவில் முத்தாரம்மனுக்கு வேஷமிட்டு ஆடுகிறவர்களையும், சுடலைமாடன் கொடையில் அருள் வந்து நிற்கிறவர்களையும், உவரி அந்தோணியார் கோயிலில் முடி விரித்துக் கதறுகிறவர்களையும் பார்த்து வளர்ந்த மக்கள், வீட்டுக்குள் ஒருவர் மாறிப் பேசினால் தெய்வத்தையோ பேயையோ செய்வினையையோ நினைப்பது இயல்பு. அந்த விசுவாசத்தை இழிவாகப் பேச நான் ஒருபோதும் உடன்படேன். துன்பத்தில் இருப்பவனுக்குத் திருநீறும் ஜெபமும் தருகிற ஆறுதல் மெய்யானது. ஆயினும், தாயத்துக் கட்டிய கையோடு மாத்திரையையும் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு, அங்கேதான் அபாயம். பல நாள் தொடர்ந்து ஸ்டீராய்டு கொடுக்கப்பட்ட உடலில் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையை மறந்து தூங்கிப்போயிருக்கும். அந்நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே மோசம் வரலாம்.

மனக்கோளாறையும் கோயில் வாசலையும் பற்றிப் பேசும்போது ஏர்வாடியை மறக்க முடியாது. 2001 ஆகஸ்டு 6 அன்று, நம் பக்கத்து மாவட்டமான ராமநாதபுரத்தில், தர்காவை அண்டி நடத்தப்பட்ட ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பற்றி, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டார்கள். அதற்குப் பிற்பாடு தமிழ்நாட்டில் நடந்த நல்ல முயற்சிகளுள் ஒன்று, ஏர்வாடி தர்காவிலும் குணசீலம் கோயிலிலும் பிரார்த்தனையோடு மருத்துவத்தையும் அருகருகே வைத்ததாகும். அந்த முன்மாதிரியை வைத்தே நம் ஊர்ப் பூசாரிகளையும் போதகர்களையும் ஆலிம்களையும் வேண்டிக்கொள்கிறேன்: உங்களிடம் அழைத்துவரப்படுகிறவர் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரானால், முதலில் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள், பிறகு உங்கள் பிரார்த்தனையைச் செய்யுங்கள்.

குழந்தைகள் விஷயம் தனித்துச் சொல்ல வேண்டியது. ரத்தப் புற்றுக்கு ஆளாகும் சிறுவர்களில் பெரும்பாலோருக்கு முதற்கட்டச் சிகிச்சையில் ஏறக்குறைய நான்கு வாரம் இடைவிடாமல் ஸ்டீராய்டு கொடுக்கப்படுகிறது. 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் ஒரே ஒழுங்காகக் கையாளத் தொடங்கிய எம்.சி.பி. 841 என்னும் முறையால் நம் நாட்டுக் குழந்தைகள் பிழைப்பது கணிசமாக உயர்ந்தது. அம்முறையிலும் பிரட்னிசோலோனுக்கு முக்கிய இடம் உண்டு. அந்த நான்கு வாரமும் வீட்டில் எப்படிக் கழியும் என்பதைப் பெற்றவர்களே அறிவார்கள். குழந்தை நடுராத்திரியில் எழுந்து தோசை கேட்கும். அடுப்பை மூட்டிச் சுட்டுக் கொண்டுவந்தால் தட்டை எறியும். எறிந்த கையோடு அம்மா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும். அரை மணி கழித்து மறுபடியும் பசி என்னும். நோயால் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமென்று எண்ணிக் கை ஓங்கிய தகப்பன், பிற்பாடு காரணம் தெரிந்து படுகிற வேதனையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. பிள்ளை பிடிவாதம் பிடிக்கவில்லை, மருந்து அதன் பசியையும் கோபத்தையும் தூண்டுகிறது, மாத்திரை தீர்ந்த சில வாரங்களில் உங்கள் பிள்ளை உங்களிடம் திரும்பிவிடும் என்று சொல்வதற்கு ஒரு சீட்டுக் காகிதம் போதும்.

சொல்லாதிருப்பதற்கு மருத்துவர்கள் கூறும் காரணங்களை நான் அலட்சியம் செய்யவில்லை. வெளிநோயாளர் பிரிவில் ஒரு நாளில் பார்க்க வேண்டியவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நிற்கிறது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பக்கவிளைவையும் விஸ்தரித்தால் சிகிச்சையே நடக்காது. புத்தி பேதலிக்கும் என்று சொன்னால் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதைத்தான் நான் மறுக்கிறேன். முடி கொட்டும் என்று சொன்னதற்காக நம் பெண்கள் கீமோவை விட்டு ஓடிவிடவில்லை, சொன்னதனாலேயே தாங்கினார்கள். பயத்தை உண்டாக்குவது எதிர்பாராமல் வருவதுதான். முதற்காரணத்துக்குப் பரிகாரம், மருத்துவரின் நேரத்தில் கை வைக்காமலே உண்டு. எளிய தமிழில் அச்சிட்ட ஒரு பக்கம். அதைப் படித்துக் காட்ட ஒரு நர்ஸ். கேட்டவர் நோயாளி மட்டுமன்றி அவரோடு வந்த வீட்டாரும்தான் என்பதற்கு ஒரு கையெழுத்து. திருவனந்தபுரம் போன்ற இடங்களிலிருந்து திரும்புகிற நம் மக்களின் கைச்சீட்டில் ஆங்கிலமும் மலையாளமும் இருக்கலாம். அதைத் தமிழில் விளக்கும் பொறுப்பை நம் தாலுகா மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்டால் பெரும் உபகாரமாயிருக்கும்.

அரசாங்கத்துக்கும் இதில் ஒரு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், தன்னார்வலப் பெண்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சையும் அதே திட்டத்தில் அடங்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால், கீமோ எடுப்பவரின் விரலில் ஊசி குத்திப் பார்க்க அப்பெண் எப்படியும் வரவே வேண்டும். வந்தவள், ராத்திரி தூங்கினாரா, கோபமோ அழுகையோ அதிகமா, வாழ வேண்டாமென்று ஏதாவது சொன்னாரா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொள்ளப் பயிற்சி கொடுத்தால், கெட்டுப்போகக் கூடிய குடும்பங்கள் பல கெடாமலிருக்கும். அடையாற்றில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித்துறை இருக்கிறது; அங்கே விளைந்த அநுபவத்தைத் தெற்கே கொண்டுவந்து பயிற்றுவிப்பது ஆகாத காரியமன்று.

மருத்துவத்துக்குள்ளேயும் செய்யக் கூடியவை பல. இயன்றவரை மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிடலாம். முற்சுற்றில் மனம் குலைந்தவருக்கு அளவைக் குறைக்கலாமா, நாட்களைச் சுருக்கலாமா என்று மருத்துவர் யோசிக்கலாம். சிலவகைக் கீமோக்களில் வாந்தியைத் தடுக்க முதல் நாள் மட்டும் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் போதும் என்பது ஆராய்ந்து கண்ட முடிவு. ஓலன்ஸபைன் என்னும் மருந்து, வாந்தியையும் அடக்கும், இத்தகைய மனக்கிளர்ச்சியையும் தணிக்கும். ஆனால் இவை எல்லாம் மருத்துவர் கையில் உள்ளவை. அவருக்குத் தெரியாமல் எதுவும் நடவாது. அவருக்குத் தெரிய வேண்டுமானால் வீட்டார் கூச்சத்தை விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டார் சொல்ல வேண்டுமானால், இது சொல்லத்தக்கது என்பதை யாரேனும் முன்பே அவர்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்த நாட்களில் நோயாளி உற்சாகத்தின் உச்சியில் நின்று எழுதிக் கொடுப்பதையும் கையெழுத்திடுவதையும், அதேபோல் சோர்வின் அடியில் கிடந்து சொல்லும் கடைசி வார்த்தைகளையும், மாத்திரை நின்று இரண்டு வாரம் கழியும் வரை யாரும் இறுதியானதாகக் கொள்ளலாகாது. நிலம் விற்பதையும் உயில் எழுதுவதையும் ஒத்திப்போடுங்கள். அவர் பேசிய கடுஞ்சொல்லை அவர் கணக்கில் எழுதாதீர்கள். ஆனால் சாக வேண்டும் என்று அவர் சொன்னால் மட்டும், மருந்தின் பிதற்றல் என்று ஒதுக்காமல், அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்தால் விளைந்த துயரமும் உயிரை மாய்க்கும் வலிமையுடையது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கீமோ எடுத்துக்கொள்பவர் இருந்தால், இந்த வாரமே அவருடைய மாத்திரைச் சீட்டில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன், மெத்தில்பிரட்னிசோலோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைக் கேட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவரே செய்யட்டும். நடு இரவில் மருத்துவர் கிடைக்காவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.